ரெண்டாவது எழுத்து வரைக்கும்

ஆகஸ்ட் 2

டைரி அச்சில் சனி என்றிருக்கிறது. அடித்துவிட்டேன். செவ்வாய்.

காலையிலேயே புழுக்கம். கீழ்க்கட்டளையிலிருந்து பஸ்ஸில் வந்து பல்லாவரம் பிளாட்பாரத்தில் நிற்கும்போதே துப்பட்டா நனைந்துவிட்டது. தாம்பரம் வந்து சேர 8.10. சார் முழித்துக்கொண்டு படுத்திருந்தார். "இன்னாமே, ரயிலு உன்ன இட்டுகினு வந்துச்சா, நீ ரயில இட்டுகினு வந்தியா?" பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

இந்த டைரி இரண்டு வருஷம் பழசு. இறந்துபோன அவர் மனைவி கிரேஸ் அம்மாவுக்கு மருந்துக் கடையில் கொடுத்ததாம். முதல் பக்கத்தில் மட்டும் அவர்கள் கையெழுத்து, சலவைக்குப் போட்ட துணி லிஸ்ட். மீதி எல்லாம் வெள்ளை. "எட்த்துக்கோ. வாயாலதான் பேச மாட்டே, கையாலயாவது பேசு" என்று நேற்று கொடுத்தார்.

பேசுகிறேன்.

இன்று: முதுகு துடைத்துப் பவுடர். இடுப்புப் புண் நேற்றைவிடச் சிவப்பு. கம்பவுண்டர் வரவில்லை. இட்லி இரண்டு. ஒன்று சாப்பிட்டார், ஒன்று சுவரில். "இட்லியா மே இது? பல்லாவரம் கல்லு." சுவரைத் துடைத்தது நான்.

சார் வெள்ளைக்காரர். எண்பத்து மூன்று வயசு. எட்வர்ட் ஆஷ்டன் என்று கேட் பலகையில் பாதி அழிந்து இருக்கிறது. குரோம்பேட்டையில் பஸ் பாடி கட்டும் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம். தமிழ் அங்கே கற்றுக்கொண்டது, அதனால்தான் இப்படி. தெருவில் வெள்ளைக்காரத் தாத்தா. எனக்கு சார்.

மாலை வில்சன் அண்ணன் வந்தார். கிரேஸ் அம்மாவின் அண்ணன் மகன். மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டுச் சாவி, மருந்துச் சீட்டு, எல்லா முடிவும் அவர் கையில். "மேரி, காப்பி." "மேரி, அங்கிள் மோஷன் போனாரா?"

என் பெயர் மேரி இல்லை. எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த அக்காதான் மேரி. நான் வந்த முதல் நாள் கதவைத் திறந்துகொண்டே பழக்கத்தில் "வா மேரி" என்றார். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்ல வெட்கம். பதினொரு மாசம் ஆகிவிட்டது.

மங்கையர்க்கரசி. எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.


ஆகஸ்ட் 3, புதன்

மேகம். மழை இல்லை. வெறும் பாவலா.

வில்சன் அண்ணன் காலையிலேயே வந்தார், லீவாம். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு போனில் யாரிடமோ சத்தமாக: "ஆமாங்க, கல்லறைத் தோட்டத்துல அத்தை பக்கத்துலயே இடம் சொல்லி வெச்சாச்சு. கல்லும் ஜோடியா போட்டுடலாம். அங்கிள் மிலிட்டரி ஆளு, கமாண்டோ. அத்தை கல்லுல இருக்கறதவிட சிலுவை ரெண்டு பங்கு பெருசா இருக்கணும்."

சார் படுத்திருக்கிறார். உயிரோடு. காது நன்றாகக் கேட்கும்.

என் அப்பாவுக்குத்தான் காது போய்விட்டது, திரிசூலம் குவாரியில் வெடி வெடித்து. அவருக்கு எதிரில் எல்லாரும் என்னைப் பற்றி என்னவெல்லாம் பேசுவார்கள். "இது இப்படியே ஊமையா இருந்தா எவன் கட்டிப்பான்?" எனக்குக் காது கேட்கும் என்பது ஞாபகம் இருக்காது. பேசாதவளுக்குக் காதும் இல்லை என்று நினைப்பு.

சார் கண்ணை மூடிக்கொண்டார். வில்சன் அண்ணன் பைக் சத்தம் தெருவைத் தாண்டியதும் தம்ளரை எறிந்தார். கதவில் பட்டு உருண்டது.

"சிலுவையாம். பெரிய சிலுவையாம். பேஜாரு புட்ச்ச பய."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிரேஸ் அம்மா படத்துக்கு மேலே சிலுவை மாட்டியிருக்கிறது, தினமும் அதைத் துடைக்கச் சொல்வதே இவர்தான்.

தம்ளரில் இன்னொரு நசுங்கல்.


ஆகஸ்ட் 5, வெள்ளி

கர்ச்சீப் நாள்.

நான்கு கர்ச்சீப். வெள்ளை, மூலையில் நீல நூலில் இரண்டு ஆங்கில எழுத்து, ஈ, ஏ. நூல் அங்கங்கே விட்டுப்போய் நான்தான் ஒன்றைச் சேர்த்துத் தைத்தேன். மெஷினில் போடக் கூடாது. கையால், குளியல் சோப்பில். வெளியே காயப்போடக் கூடாது, ஜன்னல் கம்பியில்தான். பதினொரு மாசமாக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை.

இன்று காயப்போடும்போது கேட்டார். "அத யாரு தைச்சாங்க தெர்யுமா?"

தலையாட்டினேன், தெரியாது என்று.

"எங்கம்மா. ரோசா. ஸ்டேஷன்ல குட்த்தாங்க. நாலு கர்ச்சீப்பு, ஒரு பொட்டி, நானு. பதினாறு வயசு."

அப்புறம் சொன்னார். வெகு நேரம் சொன்னார். மூச்சு வாங்கும், நிறுத்துவார், மறுபடி. நான் பக்கெட்டோடு நின்றேன்.

சார் இங்கிலீஷ்காரரே இல்லை. வியன்னா என்று ஒரு ஊர். யூதர். பைபிளில் வருகிறவர்கள் என்று நினைத்திருந்தேன், இப்போதும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜெர்மன்காரர்கள் ஊரைப் பிடித்ததும் இவர்களைத் தெருவில் போகவிடவில்லை, ஸ்கூலில் உட்காரவிடவில்லை. அப்பாவைப் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் ரோட்டைத் தேய்க்கச் சொன்னார்களாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று சிரித்தார்களாம். பிள்ளைகளை மட்டும் ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அகதி. அங்கே போய்ச் சண்டை ஆரம்பித்ததும் எதிரி நாட்டுக்காரன் என்று கம்பி வேலிக்குள் போட்டார்களாம்! யாருக்குப் பயந்து ஓடிவந்தாரோ அவர்களுடைய ஆள் என்று.

பிறகு ஆர்மிக்காரர் ஒருவர் வந்து, ஜெர்மன் பேசத் தெரிந்த பையன்கள் வேண்டும், கமாண்டோவாக வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். வரிசையில் நிற்கவைத்து, பத்து நிமிஷம் கொடுத்து, "ஆளுக்கொரு இங்கிலீஷ் பெயர் யோசித்துக்கொண்டு வாருங்கள். பிடிபட்டால் யூதன் என்று தெரியக் கூடாது."

"நம்ம துணில எழுத்துப் போட்டுகீது இல்ல? அதே எழுத்துல வர்ற மாதிரி பேரு வெச்சுக்கோன்னான் ஒரு கார்ப்பரல். எட்வர்ட் ஆஷ்டன். ஒரு தீப்பெட்டிக்கும் ஒரு சோப்பு வெளம்பரத்துக்கும் நடுவுல நின்னு யோசிச்ச பேரு."

"சோல்ஜருங்க கழுத்துல மாட்டற பேரு வில்லைக்கு மதம் கேட்டான். சர்ச்சுன்னு போட்டுக்கன்னான். போட்டுக்கினேன்."

உண்மையான பெயரையும் சொன்னார். எமில் ஆன்ஷெல்.

அறுபது வருஷத்தில் அதைக் கேட்டவர் கிரேஸ் அம்மா ஒருத்தர்தானாம். இப்போது நான்.

"ஏன் என்கிட்ட?" என்று கேட்டேன். இன்று நான் பேசியது அது ஒன்றுதான்.

"நீ யார்ட்டயும் சொல்ல மாட்டே இல்ல."

கர்ச்சீப் காய்ந்தது. மடித்து வைத்தேன். ரயிலில் வரும்போது கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ரோட்டைச் சுற்றி நின்று சிரித்தவர்கள் மேல் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார். குரல் வரவில்லை. வரும்வரை நில் என்று ஒரு வாரம் நிற்கவைத்தார். சுற்றி உட்கார்ந்து சிரித்தது நாற்பது பேர். திங்கட்கிழமை நான் ஸ்கூலுக்குப் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

அதுவும் இதுவும் ஒன்றா? ஒன்று இல்லை. தெரியும். ஆனால் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.


ஆகஸ்ட் 8, திங்கள்

வெயில். காலில் வீக்கம், அமுக்கினால் குழி. கஞ்சி அரை தம்ளர். எறியவில்லை. எறியாதது பயமாக இருக்கிறது.

மத்தியானம் மிச்சத்தையும் சொன்னார்.

படகில் போய் இறங்கினார்கள், கடற்கரையில். குண்டு. தண்ணீர் கழுத்து வரை. "கமாண்டோன்னா சினிமா மாரி இல்லமே. பாதி நேரம் ஈரத்துணியோட பள்ளத்துல குந்திகினு இருக்கறது. மீதி நேரம் ஜெர்மன்ல கத்தறது." எதிரி வரிசைக்குப் பக்கத்தில் ஊர்ந்துபோய் அவர்கள் பேசுவதைக் கேட்டு வருவார். பிடிபட்டவனிடம் அவன் பாஷையிலேயே கேட்பார். ஒருவன், "நீ ரொம்ப நல்லா பேசுறியே, எங்க படிச்சே?" என்று கேட்டானாம். "உன் ஊர்லதான்டா" என்று சொல்ல வாய் வரை வந்ததாம். சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

கூட ஒரு சிநேகிதன். அதே ரயிலில் வந்தவன், அதே கம்பி வேலியில் இருந்தவன், அதே வரிசையில் நின்று பெயர் மாற்றியவன். மூன்றாம் நாள் செத்துப்போனான். புதைத்தார்கள். இரண்டு கட்டையைச் சேர்த்துக் கட்டி, அவன் பொய்ப் பெயரை எழுதி, சிலுவையாக நட்டார்கள்.

"யாரு நட்டது தெர்யுமா? நானு. என் கையால. சுத்தி பத்து பேர் தொப்பியக் கயட்டிகினு நிக்கறான். இவன் பேரு இது இல்லடான்னு சொல்லணும். வாயே வரல மே. ரகசியம், ஆர்டரு, அது இதுன்னு மனசுக்குச் சொல்லிக்கினேன். சண்டை முடிஞ்சப்பறமாவது சொன்னேனா? இல்ல. இன்னும் அங்கதான் கீறான், எவனோ ஒருத்தன் பேர்ல."

ஊருக்குத் திரும்பிப் போனாராம். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அம்மா, அப்பா, தங்கை, யாரும் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கப்பல், பம்பாய், மெட்ராஸ். சானடோரியம் பக்கம் இருமலுக்கு மருந்து வாங்கப் போனபோது கிரேஸ் அம்மா.

பெயரைத் திருப்பி மாற்றவில்லை. எல்லாக் காகிதமும் எட்வர்ட். கல்யாணம் சர்ச்சில், எட்வர்ட்.

பிறகு சொன்னார்: "நா கிரேசு பக்கத்துல படுக்கணும். அவ மேல சிலுவை கீது, அது அவளுது, நல்லாருக்கட்டும். என்மேல வாணாம். என் பேர எழுதணும். எங்கம்மா வெச்ச பேரு. நீ சொல்லணும் வில்சன்கிட்ட."

நானா?

"நீங்களே சொல்லுங்க சார்."

"சொன்னேன். ரெண்டு தபா. 'சரி அங்கிள், சரி அங்கிள்'னு தலய ஆட்டிகினே பேன் ஸ்பீடக் கூட்டிட்டுப் போறான். தூக்கத்துல உளறறேன்னு நெனக்கிறான்."

எழுதிக் கொடுங்கள் என்று டைரியையும் பேனாவையும் நீட்டினேன். விரல் பேனாவைப் பிடிக்கவில்லை. இந்தப் பக்கத்தின் மூலையில் இருக்கிற கோடு அவர் போட்டது. எழுத்தே இல்லை.

எனக்கு வந்த கோபம்! பேச மாட்டேன் என்பதற்காகத்தானே என்னிடம் சொன்னார்? இப்போது நான்தான் பேச வேண்டுமாம். தாம்பரம் முழுக்கப் பேசத் தெரிந்தவர்கள் எத்தனை பேர். கீரைக்காரம்மாவிடம் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் செங்கல்பட்டு வரை தெரிந்திருக்கும்.

"என்னால முடியாது சார்."

"பேர மட்டும் சொல்லு பாப்போம்."

சொன்னேன்.

"சத்தமா."

சொன்னேன்.

"ஆன்ஷெல். 'ஷெ'ல அயுத்து."

மூன்று தடவை. நான்காம் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது.


ஆகஸ்ட் 9, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "செத்தவரு கல்லுல இன்னா எழுதுனா உனக்கு இன்னாடி? அவங்க வூட்டு விசயம். நீ துடைக்கப் போனியா, துடைச்சிட்டு வா."

அப்பா: "ஆங்? யாரு செத்தது?"

யாரும் சாகவில்லை, அப்பா.


ஆகஸ்ட் 11, வியாழன்

பத்து மணிக்கு.

கஞ்சி கரண்டி வாயருகே. "சூடா?" என்பது போலப் பார்த்தார். ஊதினேன். ஊதி முடித்துப் பார்த்தால் மூச்சு இல்லை.

கரண்டியைக் கீழே வைக்காமல் எவ்வளவு நேரம் இருந்தேன் தெரியவில்லை.

வில்சன் அண்ணனுக்குப் போன் பண்ண வேண்டும். எண்ணை அழுத்திவிட்டேன், "ஹலோ, ஹலோ, யாரு?" என்கிறார், எனக்கு வரவில்லை. அவரே புரிந்துகொண்டார். "மேரியா? சரி. வரேன்."

பேசாததும் ஒரு சேதி என்று எடுத்துக்கொண்டார். மற்ற எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்.


ஆகஸ்ட் 12, வெள்ளி

கர்ச்சீப் நாள். துவைத்தேன். யாருக்கு?

ஐஸ் பெட்டி, நாற்காலிகள், தெருவில் ஷாமியானா. ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்த்த இரண்டு கிழவர்கள் வந்தார்கள். "இவன மாரி வெல்டிங் எவன் புடிப்பான்" என்று ஒருவர் அழுதார். இன்று பார்த்ததில் உண்மையான அழுகை அது ஒன்றுதான்.

நான்கு மணிக்கு அடக்கம். கிரேஸ் அம்மா பக்கத்தில். மண் போட்டார்கள். மரச் சிலுவை, கறுப்புப் பெயிண்ட், வெள்ளை எழுத்தில் எட்வர்ட் ஆஷ்டன். ஈரம் காயவில்லை, ட் மேல் புள்ளி வழிந்திருந்தது. கல் போடும்வரை இது இருக்குமாம்.

வில்சன் அண்ணன் நட்டார். சுற்றி இருபது பேர்.

நான் இரண்டாம் வரிசையில். சொல்லணும், சொல்லணும், சொல்லணும். வாய் திறந்தேன். காற்று மட்டும்.

அறுபது வருஷம் கழித்து அதே இடத்தில் என்னை நிறுத்திவிட்டுப் போய்விட்டார் அந்தக் கிழவர். எல்லாருக்கும் பின்னால் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மண்ணைக் கையில் எடுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். "பாவம் அந்த மேரிப் பொண்ணு, எப்படி அழுவுது பாரு" என்றது யாரோ.

அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.


ஆகஸ்ட் 14, ஞாயிறு

வீட்டில் ஜெபக் கூட்டம். சொல்லிவிட்டேன்.

வரிசையாக எழுத வேண்டும்.

கர்ச்சீப் நான்கையும் சுடிதாருக்குள் வைத்துக்கொண்டு போனேன். பாட்டு, ஜெபம், பிறகு வில்சன் அண்ணன் எழுந்து பேசினார். அங்கிள் எவ்வளவு பெரிய வீரர், எவ்வளவு பக்தி. "கல்லு ஆர்டர் பண்ணப் போறோம். சிலுவை..."

"சிலுவை வேணாம்."

யார் குரல் என்று எல்லாரும் திரும்பினார்கள். நானும்தான் திரும்பியிருப்பேன், என் குரல் எனக்கே தெரியவில்லை.

"சார் வேணாம்னார். அவர் யூதர். அவர் பேர் எமில் ஆன்ஷெல். சண்டைக்காக மாத்தினது. கிரேஸ் அம்மா பக்கத்துல இருக்கணும், சிலுவை வேணாம், அம்மா வெச்ச பேரு எழுதணும்னார்."

இதை இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. நடுவில் திக்கினேன். ஆனால் எல்லாம் சொன்னேன். ஆன்ஷெல் என்பதை 'ஷெ'வில் அழுத்திச் சொன்னேன்.

ஒரு ஆன்ட்டி: "இந்தப் பொண்ணு பேசுமா!"

அதுதான் அவர்களுக்கு ஆச்சரியம்!

கர்ச்சீப்பைக் காட்டினேன். வில்சன் அண்ணன் வாங்கிப் பார்த்தார். "ஈ, ஏ. எட்வர்ட் ஆஷ்டன். அவர் கர்ச்சீப்புல அவர் பேரு. இதுல என்னம்மா இருக்கு?" உள்ளே போய் ஒரு தகர டப்பா எடுத்துவந்தார். கயிற்றில் கோத்த பழுப்பு வில்லை. "இதோ பாருங்க, மிலிட்டரில குடுத்தது. மதம்கூடப் போட்டிருக்கு. சர்ச் ஆஃப் இங்கிலாண்ட். பாவம் மேரி, அங்கிள் கடைசில ஜன்னில எதையோ உளறியிருக்கார். இது படிக்காத பொண்ணு, நம்பிடுச்சு."

எந்தப் பொய் அவர் உயிரைக் காப்பாற்றியதோ அதே பொய்யைக் கயிற்றோடு தூக்கிக் காட்டுகிறார். வில்லை கைக்குக் கை போயிற்று. எல்லாரும் முத்தமிடாத குறை.

சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்தார். இப்போது குரல் வேறு. "ஏம்மா, எனக்கு மட்டும் தெரியாதுன்னு நினைச்சியா? அத்தை ஒரு தடவை ஜாடையா சொன்னாங்க. வெளில தெரிஞ்சா சர்ச் கமிட்டி என்ன சொல்லும்? தோண்டி எடுத்துட்டுப் போன்னா எங்க எடுத்துட்டுப் போவே, உங்க வீட்டுக்கா? அத்தை பக்கத்துல இருக்கணுமா வேணாமா?"

தெரியும்! தெரிந்துகொண்டேதான் அந்த வில்லையைக் காட்டினார்!

ஆனால் தோண்டி எடுப்பார்கள் என்றதும் பயந்துவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பாஸ்டர் பின்னாலேயே போனேன். கேட்டில் நின்று எப்படியோ கேட்டேன், எடுத்துடுவீங்களா என்று.

வெள்ளை முடி, களைத்த முகம். என்னைக் கொஞ்சம் பார்த்தார். "அடக்கம் பண்ணவரை யாரும் எடுக்க மாட்டோம்மா. யாரு பெத்த பிள்ளையா இருந்தா என்ன? கல்லுல என்ன எழுதணும்னு வீட்டுக்காரங்க முடிவு. என்னை யாரும் இதுவரைக்கும் கேக்கல."

திரும்பிப் போய் இதை வில்சன் அண்ணனிடம் சொன்னேன். இரண்டாம் தடவை பேசினேன், ஒரே நாளில்! அவர் முகம் சுருங்கியது. "சரி, எடுக்க மாட்டாங்க. ஆனா பேசுவாங்க இல்ல? இத்தனை வருஷம் எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு சொல்லிட்டு... விடு மேரி. போ."

ஓ. அதுதானா. பேசுவார்கள். ஒரு மனுஷன் பெயர் மண்ணுக்குள் போவதற்குக் காரணம், நாலு ஆன்ட்டிகள் பேசுவார்கள்.


ஆகஸ்ட் 17, புதன்

மாலை மழை, கால் மணி நேரம். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது.

மாசக் கடைசி வரை வந்து வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார் வில்சன் அண்ணன். பழைய துணி ஒரு மூட்டை. மருந்து ஒரு பை. டூல்ஸ் பெட்டி, யாரோ கேட்டார்களாம். கர்ச்சீப் எதிலும் சேர்க்கவில்லை.

போகும்போது ஒரு மடித்த காகிதம் தந்தார். "மேரி, வெள்ளிக்கிழமை இதைக் கல்லு வெட்டறவர்கிட்ட குடுத்துடு. கல்லறைத் தோட்டம் போற வழில, பெட்ரோல் பங்க் எதிர்ல. எனக்கு ஷிப்ட். நீ ஒண்ணும் பேச வேணாம், குடுத்தா போதும், எல்லாம் எழுதியிருக்கேன்."

என்னிடமே தருகிறார். ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் முன்னால் நான் பேசியதை அவர் மறந்தே விட்டார். தண்ணீர் மேல் கோடு மாதிரி, மூடிக்கொண்டுவிட்டது. மேரி பேச மாட்டாள். மேரி கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

காகிதம்:
மேலே பெரிய சிலுவை (படம் போட்டிருக்கிறார்)
எட்வர்ட் ஆஷ்டன்
போர் வீரர்
கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்


ஆகஸ்ட் 18, வியாழன்

கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கிழித்தால் இன்னொன்று எழுதுவார்.

அப்பாவிடம் கேட்டேன், காதருகே கத்தி: "கல்லுல ஒரு எழுத்து வெட்டிட்டா அழிக்க முடியுமா?"

"ஆங்? கல்லுல இன்னா அழிக்கறது? ஒடைக்கணும். இல்ல வேற கல்லு போடணும்."

இன்று இவ்வளவுதான்.


ஆகஸ்ட் 19, வெள்ளி

வெயில், தலை வெடிக்கிறது. பதினொரு மணிக்குப் போனேன்.

ரோட்டோரம் ஓலைக் கொட்டகை. சாய்த்து வைத்த கல் பலகைகள், பெயர் இல்லாமல். ஒருவர் கண்ணில் பிளாஸ்டிக் கண்ணாடி, தலையில் துண்டு, உடம்பு முழுக்க வெள்ளைத் தூள். கரண்ட் இல்லை, மெஷின் நிற்கிறது, உளி வேலைதான் இன்றைக்கு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தால் அங்கே யாரும் இல்லை. பாட்டரி ரேடியோவிடம் சொல்கிறார்.

"இன்னாம்மா வோணும்? யாரு பூட்டாங்க?"

காகிதத்தைக் கொடுக்கவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டேன். டைரியில் ஒரு பக்கம் கிழித்து ரயிலிலேயே எழுதி வைத்திருந்தேன். அதை நீட்டினேன்.

எமில் ஆன்ஷெல்
ரோசாவின் மகன்
கிரேஸின் கணவர்

"வெள்ளக்காரரு கல்லா? வில்சன் சாரு போன் பண்ணாரே. பெரிய சிலுவைன்னாரு. இதுல சிலுவை இல்லியே. பேரும் வேற மாரி கீது?"

"வில்சன் அண்ணன் சொன்னது வேற. இது சார் சொன்னது. படுத்திருந்தவர்."

"செத்தவரா சொன்னாரு?"

"உயிரோட இருக்கறப்ப."

கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கேட்டார், எல்லாவற்றையும். கல் மேல் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். ரயில், வேலி, பத்து நிமிஷம், கட்டைச் சிலுவை, சிநேகிதன். லாரிச் சத்தத்துக்கு மேல் சொல்ல வேண்டியிருந்தது. கத்தினேன். எங்கள் வீட்டில் அப்பாவிடம் கத்துவதுபோல.

"அடப்பாவமே" என்றார். கொஞ்சம் யோசித்தார். "இன்னா பண்லாம்னா, வில்சன் சாரு சொன்னத மேல வெட்டறேன். நீ சொல்றத கல்லுக்கு அடிப்பக்கம் வெட்டிக் குட்த்துடறேன். மண்ணு பாத்தா மாரி. யாருக்கும் தெரியாது, அவருக்கும் பேரு ஆச்சு. செத்தவங்க எவனும் இதுவரிக்கும் வந்து எங்கிட்ட சண்ட போட்டதில்ல."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் ரத்தம் ஏறிவிட்டது.

"அடிப்பக்கம் வேணாம். அறுபது வருஷம் அடிப்பக்கமாவே இருந்துட்டார். மேல வெட்டுங்க."

"கோவப்படற! வில்சன் சாரு வந்து என் சட்டையப் புடிச்சா?"

"நான் சொன்னதா சொல்லுங்க. அவர்கிட்ட நானே இன்னைக்குச் சொல்லிடறேன்."

"நீன்னா யாரு?" காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஆர்டர் எழுதும் நோட்டு. "பேரச் சொல்லு. யார் சொல்லி வெட்னேன்னு எனக்கு ஒரு கையெயுத்து வோணும்."

"மங்கையர்க்கரசி. கீழ்க்கட்டளை."

"எம்மாம் பெரிய பேரு! நீயே எயுது."

எழுதினேன். முழுசாக.

சாக்பீஸால் கல்லில் எழுதிக் காட்டினார். 'ஷெ'வில் கொம்பு விட்டுப்போயிருந்தது, சொன்னேன், போட்டார். "மூணு நாள் ஆவும், நீ கெளம்பு" என்றார். ஆரம்பியுங்கள், பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். சிரித்தார். "நம்ப மாட்டே?" நம்பவில்லை. யாரையும் நம்பவில்லை.

உளி. முதல் எழுத்து எ. அது ஆக அரை மணி. தூள் கண்ணில். அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் எட்வர்டுக்கும் எமிலுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். நான் போன பிறகு போன் வந்தால் மாற்றிவிடலாம். ரெண்டாவது எழுத்து வரைக்கும் நின்றேன்.

மி.

விரலால் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்துக்குள் போகவில்லை. கல்லோடு போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது சாயங்காலம் 5.30. சார் வீடு. கர்ச்சீப் நான்கும் ஜன்னல் கம்பியில். வில்சன் அண்ணன் வீட்டுக்கு ஒரு மணிக்கே போன் பண்ணினேன். அவர் மனைவி எடுத்தார்கள். கல்லில் என்ன வெட்டச் சொன்னேன், யார் பேரில் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். "யாரு? எந்த மங்கையர்க்கரசி?" என்றார்கள். பதினொரு மாசம் அவர்கள் வீட்டுக்காரருக்குக் காப்பி போட்ட மங்கையர்க்கரசி என்றேன்.

பைக் சத்தம். கேட்டை உதைத்துத் திறக்கிறார். செருப்பைக் கழற்றவில்லை.

"மேரி!"

எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

"மேரி! ஏய்! எங்க இருக்கே?"

மேரி இந்த வீட்டில் இல்லை.